புளியாரைக் கட்டு

செவ்வாய்க்கிழமை தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த கோகிலவாணி, வாசலில் உப்புத்தாளைப் பார்த்தாள். ஆறு தாள். பக்கத்தில் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட், ஒரு பாட்டில் தின்னர், இரண்டு பிரஷ். அவற்றுக்கு அப்பால், விறகுக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து சுவரில் சாய்த்து வைத்திருந்த பைசிக்கிள்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகு அது வெயிலைப் பார்க்கிறது. வெயிலும் அன்று அதிகமில்லை.

"ஏனுங்க, இது எதுக்கு வெளிய வந்துச்சு?"

"ஜீவாவுக்கு வேணுமாம்," என்றார் வெற்றிச்செல்வன். "கடைச் செவுத்துல மாட்டப் போறானாம்."

மகன் ஜீவா கோயம்புத்தூரில் டீக்கடை வைத்திருக்கிறான். அவன் அதை டீக்கடை என்று சொல்லமாட்டான்.

"செவுத்துலயா? ஏன், அங்க தரை இல்லையா?"

"நானும் அதையேதான் கேட்டேன். அங்க எல்லாரும் மாட்டறாங்களாம். மஞ்சளா இருந்தா போட்டோவுக்கு எடுப்பா இருக்குமாம். ஞாயித்துக்கெழமை எடுத்துட்டுப் போக வண்டி அனுப்பறான்."

அவர் ஓர் உப்புத்தாளை நான்காக மடித்தார். குந்தி உட்கார்ந்தார். ஹேண்டில்பாரிலிருந்து பெடல் அச்சுக்குச் சாய்ந்து இறங்கும் கீழ்க்குழாயில் அதை வைத்தார்.

"அதைக் கீழ வைங்க!"

மேய்ந்துகொண்டிருந்த கோழி ஓடியது. வெற்றிச்செல்வன் தாளைக் கீழே வைக்கவில்லை. ஆனால் தேய்க்கவும் இல்லை.

"ஏம்புள்ள?"

"பெயின்ட் போயிரும்."

"போகத்தான் தேய்க்கிறது."

"துருதானே போகணும்? பெயின்ட் எதுக்குப் போகணும்?"

"உனக்கு எப்ப இருந்து இதுமேல பாசம்? வெறகு எடுக்கப் போறப்ப எல்லாம் இரும்புக் கழுதைன்னு திட்டுவ."

"கழுதைன்னாலும் நம்ம கழுதை."

அவர் சிரித்தார். தாளைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வாணி கை கழுவப் போனாள். கொழுந்துச் சாறு விரலிடுக்கில் கறுத்துக் கிடந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அதைப் போக்க அவள் இப்போது முயலவும் இல்லை. கழுவுவதுபோல நின்று யோசித்தாள்.

*

அந்த வண்டி வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போனது. கரும்பச்சை. குழாய்களின் ஓரத்தில் மயிரிழை அளவு தங்கக் கோடு. துரைக்குப் பிறகு எஸ்டேட் ஆபீசுக்கு வந்து, ஆபீசிலிருந்து தபால் எடுத்துப் போகிறவருக்கு வந்தது. வெற்றிச்செல்வன் இருபத்திரண்டு வயதில் அதைக் கையில் வாங்கினார். பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் ரோட்டில் சைக்கிள் என்பது பாதி வண்டி, பாதி சுமை. ஏற்றத்தில் அவர் அதைத் தள்ளுவார். இறக்கத்தில் அது அவரைத் தள்ளும். போன் வந்து, கம்ப்யூட்டர் வந்து, தபால் பை தேவைப்படாமல் போனபோது, ஆபீஸ் அவரை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடிக்கு அனுப்பியது. சைக்கிளை அவரிடமே விட்டுவிட்டது.

சாயங்காலம் ஒவ்வொரு மலையிலும் கொழுந்து நிறுத்ததும், யார் எத்தனை கிலோ என்று எழுதிய தாளை வாங்கி ஆபீசுக்குக் கொண்டுபோவது அவர் வேலையாக இருந்தது. தாளில் பெயர் இருக்காது. கூலிப் பதிவேட்டின் செக்ரோல் நம்பர்தான். ஐந்தாம் நம்பர் மலையில் இருநூற்றுப் பதினான்கு, அய்யாவுவின் மகள் கோகிலவாணி. கைக்குழந்தையாகக் கப்பலேறி இலங்கையிலிருந்து வந்தவள்.

"தெனம் வழியில வண்டிய நிறுத்திப் பார்ப்பேன்," என்று அவர் கல்யாண வீடுகளில் சொல்வார். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்வார். "எரநூத்திப் பதினாலு நாப்பது கிலோ போட்டிருந்தா அன்னைக்கு எனக்கு சோறு எறங்கும். இருவது போட்டிருந்தா, அய்யோ, காய்ச்சலோன்னு தூக்கம் வராது."

கேட்பவர்கள் வாணியைப் பார்ப்பார்கள். "நீ என்னக்கா பண்ணின?"

அதற்கும் அவரே பதில் சொல்வார். "அவ என்ன பண்ணுவா? அப்பா சொன்னாரு, தலைய ஆட்டினா."

எல்லாரும் சிரிப்பார்கள். அவரும்.

அந்தச் சொல் அவளுடையதுதான். கல்யாணமான அன்று, இருவரும் முதல்முறை தனியாக இருந்தபோது, அவர் கேட்டார்: என்னைப் பிடிச்சிருக்கா? அவள் இருபது வயதுப் பெண். வாய் வரவில்லை. "அப்பா சொன்னாரு" என்றாள். அது வெட்கத்தில் வந்த பேச்சு. மறுநாளே மாற்றிச் சொல்லியிருக்கலாம். மறுநாளும் வெட்கமாக இருந்தது. பிறகு அது வீட்டுக் கதையாகிவிட்டது. கதையை யார் திருத்துவார்கள்?

போன வருடம் அவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். மயக்கம் பாதி தெளிந்த நிலையில், கட்டிலருகே நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "புடிக்காமயே இத்தனை வருசம் ஓட்டிட்ட புள்ள. நல்ல மனசு உனக்கு."

அவள் திடுக்கிட்டாள். "யாரு சொன்னா புடிக்கலைன்னு?"

"ஆறுதலுக்குச் சொல்ற," என்று சொல்லித் தூங்கிப்போனார்.

எழுந்தபின் அவருக்கு அது நினைவில்லை. அவளுக்கு மறக்கவில்லை. இருபத்தேழு வருடமாகச் சிரித்துச் சிரித்து அவர் உள்ளே இதைத்தான் வைத்திருந்தாரா? இனி வாயால் சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும். அத்தாட்சி வேண்டும்.

அத்தாட்சி பைசிக்கிளில் இருந்தது. அல்லது ஒரு காலத்தில் இருந்தது.

*

கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையில் தங்கள் நம்பரை எழுதி வைப்பார்கள். அடுத்தவள் கூடையோடு மாறிவிடக் கூடாது. இடுப்பில் கட்டும் படங்கு, தொப்பி, சோற்றுத் தூக்கு எல்லாவற்றிலும் நம்பர். நம்பர் விழுந்த பொருளை மலையில் வேறு யாரும் தொடமாட்டார்கள். அது அவளுடையது. பேச்சு முடிந்தது.

கல்யாணப் பேச்சு வருவதற்கு ஏழு மாதம் முன்பு, ஆடி மாதத்துச் சாரலில், வெற்றிச்செல்வன் தாள் வாங்க நிறுவைக் கொட்டகைக்குள் போயிருந்தார். சைக்கிள் வெளியே சாய்ந்து நின்றது. வாணி பந்தலூர்ச் சந்தையில் வாங்கிய சிவப்பு க்யூடெக்ஸ் நகப்பூச்சுப் பாட்டிலை மடியில் வைத்திருந்தாள். காலில் அட்டை கடித்ததுபோலக் குனிந்தாள். கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில், யார் கண்ணும் படாத இடத்தில், மூன்று எண்களை எழுதினாள். இரண்டு, ஒன்று, நான்கு. ஊதினாள். நிமிர்ந்தாள். அட்டை உண்மையிலேயே ஒன்று ஏறியிருந்தது.

அப்போது அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெண் கேட்டு ஆள் அனுப்பவில்லை. அவர் தாளைப் பார்க்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியாது.

கல்யாணமானதும் அவள் அவர் இருந்த டிவிஷனுக்கு, வேறு மலைக்கு மாறினாள். நம்பரும் மாறியது. எண்பத்தேழு. இருநூற்றுப் பதினான்கு வேறு யாருக்கோ போனது. அந்த வண்டியில் அந்த நம்பர் இருந்தால், அது கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதாக மட்டுமே இருக்க முடியும். இது அவருக்குப் புரியும். எத்தனை தாள் சுமந்தவர்.

ஆனால் உப்புத்தாள் நான்கு இழுப்பில் அதைத் தின்றுவிடும். தின்னர் ஒரு துடைப்பில் கரைத்துவிடும்.

புதன்கிழமை விடியலில், அவர் ஷிப்டுக்குப் போனதும், வாணி டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் தலையை விட்டாள். அங்கே மலைச் செம்மண் கெட்டியாகக் காய்ந்திருந்தது. நகத்தால் மெல்ல எடுத்தாள். மண்ணுக்குக் கீழே துரு. பொரிபொரியாக, பழுப்பாக. எண் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் சுரண்டப் பயமாக இருந்தது. துருவோடு அதுவும் வந்துவிட்டால்?

மேற்குழாயை மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்று புரிந்தது. துரு பெயின்ட்டைத் தின்றிருக்கவில்லை. கீறல் இருந்த இடங்களில் வெளியே வந்து, பெயின்ட்டின் மேல் படர்ந்திருந்தது. பாசி கல்லின் மேல் படர்வது மாதிரி. அடியில் பச்சை அப்படியே இருந்தது.

*

மத்தியானச் சோற்று நேரத்தில் லிங்கசாமி வந்தான். பந்தலூரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். ஃபேக்டரிக்கு ஏதோ வேலையாக வந்தவனை வெற்றிச்செல்வன் கையோடு கூட்டி வந்திருந்தார்.

அவன் வண்டியைச் சுற்றி வந்தான். தட்டிப் பார்த்தான்.

"இரும்பு நல்ல இரும்புண்ணா. கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி ஒரு ஓட்டு ஓட்டினா அரைமணி நேரம். வெள்ளியா மின்னும்."

"பெயின்ட்?" என்றாள் வாணி.

"பெயின்ட் எங்கக்கா இருக்கும்? அதுவும் போயிரும்."

"பெயின்ட் இருக்கணும்."

"அப்ப பாத்ரூம் கழுவற ஆசிட் ஊத்துங்க."

"அதுல பெயின்ட் இருக்குமா?"

"வண்டியே இருக்குமான்னு தெரியாது."

வெற்றிச்செல்வன் சொன்னார்: "மஞ்சள் அடிக்கப் போற வண்டிக்கு இவ பச்சையக் காப்பாத்தறா, லிங்கு. போன ஜென்மத்துல தொரை பொண்டாட்டியா இருந்திருப்பா."

"மஞ்சள் யாரு அடிக்கப் போறா?" என்றாள் வாணி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சனிக்கெழமை வரைக்கும் நேரம் குடுங்க. துரு போகலைன்னா நீங்க கிரைண்டர் ஓட்டுங்க, மஞ்சள் அடிங்க, செவுத்துல மாட்டுங்க, மாலை போடுங்க. நான் கேட்கமாட்டேன்."

"எதை வெச்சு எடுப்ப?"

"பாருங்க."

லிங்கசாமி கிளம்பும்போது அவரிடம் மெல்லக் கேட்டான்: "அக்காவுக்கு என்னண்ணா?"

"தெரியலப்பா. ஆனா அவ ஒண்ணு கேட்டு ரொம்ப நாளாச்சு."

அது வாணியின் காதில் விழுந்தது. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

புளியாரையைத் தேட வேண்டியதில்லை. அதைப் பிடுங்குவதற்குத்தான் எஸ்டேட் ஆள் போடுகிறது. ஐப்பசி மழைக்குப் பின் தேயிலைச் செடிகளுக்கிடையே மூன்று மூன்று இலையாகப் படர்ந்து கிடக்கும். பிடுங்கினால் கிழங்கு உடைந்து பத்தாக முளைக்கும். பிள்ளைகள் புளிப்புக்காகத் தண்டைக் கடிப்பார்கள்.

சில வருடம் முன்பு களை எடுக்கும்போது அவள் ஒரு துருப்பிடித்த களைக்கொத்தைப் புளியாரைக் குவியலின்மேல் போட்டுவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் எடுத்தபோது இலை பட்டிருந்த பக்கம் மட்டும் வெளுத்து, இரும்பு இரும்பின் நிறத்தில் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமாகவும் படவில்லை.

அன்று மாலை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தாள். அம்மியில் தண்டோடு நசுக்கினாள். முதலில் பின் மட்கார்டில் ஓரிடத்தில் வைத்து, துணி சுற்றி, நனைத்துவிட்டாள். வியாழன் காலை அவிழ்த்தாள். துரு கூழாகியிருந்தது. விரலால் வழித்தாள். பச்சை வந்தது. பச்சையின் ஓரத்தில் தங்கக் கோடும் வந்தது.

பல் துலக்கிக்கொண்டிருந்த வெற்றிச்செல்வன் பிரஷை வாயிலிருந்து எடுத்தார்.

"அடேயப்பா."

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். கோட்டின்மேல் விரலை ஓட்டினார். "இந்தக் கோடு இருந்ததே எனக்கு மறந்துபோச்சு."

அதன்பின் அவர் கிரைண்டர் என்ற சொல்லை எடுக்கவில்லை. சாயங்காலம் அவரே இரண்டாவது அம்மிக் கல்லாக உட்கார்ந்தார். தன் பழைய வேட்டி ஒன்றை அவள் கேட்காமலே கிழித்துத் தந்தார்.

"கரையோட சேத்தே கிழிக்கறீங்களே."

"கரை அழகா இருக்கு. கட்டு போடறதும் போடறோம், கரையோட போடுவோம்."

மேற்குழாய், சீட் குழாய், பின்னால் சக்கரத்தைப் பிடிக்கும் குழாய்கள் எல்லாவற்றிலும் அவர் சுற்றினார். கீழ்க்குழாயை அவள் தான் கட்டுவதாகச் சொல்லிவிட்டாள். அடிப்பக்கத்தில் நசுக்கிய இலையைத் தேய்க்காமல் ஒத்தி ஒத்தி வைத்தாள். சாறு வேலை செய்யட்டும், கை வேண்டாம்.

பக்கத்து வீட்டு இசக்கியம்மா குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏ வாணி, வண்டிக்கு எங்க அடி?"

"உடம்பெல்லாம்."

"மாவுக்கட்டு போட்டீங்க சரி. கஞ்சி குடுத்தீங்களா?"

"நாளைக்குத்தான் குடுக்கச் சொல்லியிருக்காங்க," என்றார் வெற்றிச்செல்வன். "நீ வர்றப்ப ஒரு ஆரஞ்சு வாங்கிட்டு வா."

"கட்டு காயக் கூடாது," என்று வாணி அவரிடம் சொன்னாள். "காஞ்சா துரு திரும்ப ஒட்டிக்கும். நாளைக்கு நான் மலைக்குப் போயிருவேன். நீங்க ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் நனைச்சு விடணும்."

"சரி டாக்டரே."

*

வெள்ளிக்கிழமை காற்று. மலையில் நிற்க முடியவில்லை. வாணியின் மனம் கொழுந்தில் இல்லை. முப்பது கிலோகூடத் தேறவில்லை. நிறுவைக் கொட்டகையில் கணக்குப்பிள்ளை கோகிலவாணி என்று அழைத்தது அவள் காதில் விழவில்லை. எண்பத்தேழு என்றதும்தான் திரும்பினாள்.

மூன்றரைக்கு வீடு வந்தபோது வெற்றிச்செல்வன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் பிளாஸ்க். முகம், பரீட்சைத் தாளைப் பின்னால் மறைத்துக்கொண்ட ஜீவாவின் பழைய முகம்.

"நனைச்சீங்களா?"

"நனைச்சேன்."

அவள் வண்டியைப் பார்த்தாள். வெள்ளை வேட்டிக் கட்டு கறுப்பாக இருந்தது. அழுக்குக் கறுப்பு இல்லை. பேனா மை. கட்டிலிருந்து கறுப்புச் சொட்டு தரையில் விழுந்து கல்லும் கறுத்திருந்தது.

"என்னத்த ஊத்துனீங்க?"

அவர் பிளாஸ்கை உயர்த்திக் காட்டினார்.

அவள் காலையில் போட்டு வைத்துவிட்டுப் போன பிளேன்டீ. பால் இல்லாதது, கடுங்கறுப்பு, அவள் அப்பா குடித்த பதம்.

"கொழாய்ல தண்ணி வரல புள்ள. குடத்துல இருந்தது சோத்துக்கு. காத்து வேற, கட்டு மொடமொடன்னு காஞ்சு போச்சு. நீ காயக் கூடாதுன்ன. ரோசாச் செடிக்கு மிச்ச டீ ஊத்தறோம், அது செத்தா போச்சு? உள்ள இருக்கறதும் எலை, இதுவும் எலைத் தண்ணி. ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகும்னு நெனச்சேன்."

"இரும்புல டீ பட்டா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதா? செடி வெட்டற கவ்வாத்துக் கத்தி என்ன கலரு?"

"கறுப்பு."

"என் கை என்ன கலரு?"

அவர் அவள் கையைப் பார்த்தார்.

அவள் மேற்குழாயின் கட்டை அவிழ்த்தாள். கறுப்பு. பச்சை இல்லை, தங்கம் இல்லை. கரியை அரைத்து அப்பியது மாதிரி. படியில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"ஏம்புள்ள... ஒரு சைக்கிளுக்கா?"

அவள் தலையாட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

வெற்றிச்செல்வன் எழுந்தார். பெயின்ட் டப்பாவையும் தின்னரையும் தூக்கி விறகுக் கொட்டகைக்குள் வைத்தார். உள்ளே போய், சோற்றுக்கு வைத்திருந்த குடத்தைத் தூக்கி வந்தார்.

"இன்னைக்கு சோறு வேண்டாம். இசக்கி ஊட்ல ரெண்டு தோசை கேட்டுக்கலாம். நான் கெடுத்தத நான் தொடைக்கறேன். நீ உக்காரு."

துணியை நனைத்து மேற்குழாயைத் துடைத்தார். மெல்லத் துடைத்தார். ஃபேக்டரி மாடியில் இலையைப் புரட்டும் கை. கறுப்பு துணியில் வந்தது. அடியில் பச்சை வந்தது. இன்னும் துடைத்தார். கீறல் இருந்த இடங்கள் மட்டும் கறுப்பாகவே நின்றன. அங்கே வெறும் இரும்பு. டீ இரும்பைப் பிடித்துக்கொண்டது, பெயின்ட்டை விட்டுவிட்டது.

"வாணி. போகுது பாரு. துருவும் இல்ல. பாரு."

அவள் பார்த்தாள். பச்சையில் அங்கங்கே கறுப்பு மச்சம். தங்கக் கோடு.

அவர் ஒவ்வொரு குழாயாக வந்தார். பின்குழாய்கள். சீட் குழாய். கீழ்க்குழாயின் மேல்பக்கம். அங்கே கையை எடுத்தார்.

"அடியில நீ தொடைக்கறியா? இந்தக் கொழாயத் தொட விடமாட்டேங்கறியே."

வாணி எழுந்திருக்கலாம். துணியை வாங்கிக்கொண்டு தானே குனிந்து பார்க்கலாம். எண் இருந்தால் அவரைக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் அவருக்கு எதுவும் தெரியாமலே போகும். இருபத்தேழு வருடம் போன மாதிரி.

"நீங்களே தொடைங்க," என்றாள். "படுத்துத் தொடைங்க. பாத்துத் தொடைங்க."

அவர் சாக்கை விரித்து, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். அவருடைய கால் இரண்டும் வெளியே தெரிந்தன. கட்டு அவிழ்ந்து விழுந்தது. துணி உரசும் சத்தம். நின்று, மறுபடியும் சத்தம்.

அவள் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பெருவிரல் நகம் கொஞ்சம் வளைந்தது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காத ஒருநாள் அந்தக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியது.

"இங்க ரொம்பக் கறுத்திருக்கு," என்றது குரல். "பெயின்ட் இல்ல போல. கல்லு அடிச்சு அடிச்சுப் போயிருக்கும்."

"ம்."

"கறுப்புக்கு நடுவுல செவப்பா என்னமோ இருக்கு."

அவள் படியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"எழுத்து மாதிரி. இரு... நம்பர்." துணி உரசியது. "ரெண்டு."

காற்று நின்றிருந்தது.

"ஒண்ணு."

நான்கு என்று அவர் சொல்லவில்லை. பாதங்கள் மட்டும் மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்தன.

வாணி இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தாள். குனிந்து பார்த்தாள். சுற்றிலும் டீக்கறுப்பு. நடுவில் சிவப்பு, நேற்றுப் பூசியதுபோல. துருவும் அதற்குள் நுழையவில்லை, டீயும் நுழையவில்லை. நான்கின் வால் கோணலாக இருந்தது. அந்த நேரத்தில்தான் அட்டை கடித்தது.

"இது அஞ்சாம் நம்பர் மலை நம்பரு," என்றார் அவர், படுத்தபடியே. குரல் தபால் ஆபீசில் பேசுவதுபோல் இருந்தது. "நீ இங்க வந்தப்ப உனக்கு எம்பத்தேழு."

"ஆமா."

"அப்ப இது எப்ப?"

"ஆடி மாசம்."

"நான் ஆள் அனுப்பினது மாசி."

"ஆமா."

அவர் கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. ஆடியிலிருந்து மாசிக்கு விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்தும் விரலை மடக்கவில்லை.

"ஏழு மாசம்," என்றார். "ஏழு மாசம் உன் நம்பரத் தூக்கிக்கிட்டே, உன் நம்பரத் தாள்ல தேடியிருக்கேன்."

"ம்."

"ஏம்புள்ள எனக்குச் சொல்லல?"

வாணி அவர் நெற்றியில் விழுந்திருந்த கறுப்புச் சொட்டை முந்தானையால் துடைத்தாள்.

"நம்பர் போடறப்ப கூடைக்குச் சொல்லிட்டா போடுவாங்க?"

வண்டிக்கடியில் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பாகத் தொடங்கியது. பிறகு வேறு மாதிரி ஆனது. அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். அந்தக் கை கறுப்பு; முகமெல்லாம் கறுப்பானது. அவள் மறுபடி துடைக்கப் போனாள். அவர் முந்தானையை விடவில்லை.

இசக்கியம்மா குடத்தோடு வந்தவள் நின்றாள்.

"என்ன, ஆளே கீழ கெடக்கறாரு? வண்டி மேல ஏறிடுச்சா?"

"இல்ல தங்கச்சி," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "நான் பாத்துக்கிட்டிருக்கேன். நீயும் வந்து பாரு."

"அதெல்லாம் ஒண்ணும் பாக்க வேண்டாம்," என்று வாணி அவசரமாகச் சொன்னாள். காது சுட்டது. இருபது வயதில் சுட்ட அதே காது. "ரெண்டு தோசை மட்டும் சுட்டு வை இசக்கி. எங்க ஊட்ல தண்ணி இல்ல."

அன்று சாயங்காலம் ஜீவா போன் செய்தான். பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று கேட்டான்.

"பெயின்ட் அடிக்கல," என்றார் அவன் அப்பா. "வேணும்னா அப்படியே எடுத்துக்க. ஆனா செவுத்துல தலைகீழா மாட்டணும்."

"தலைகீழாவா? ஏம்ப்பா?"

"அடிப்பக்கம் பாக்கணும். கோயம்புத்தூரே பாக்கணும்."

வாணி போனைப் பிடுங்கினாள். "ஒண்ணும் அனுப்பல சாமி. நீ வேற வண்டி பாரு. அப்பா இதுல ஃபேக்டரிக்குப் போகப் போறாராம்."

"அந்த ஏத்தத்துலயா?"

"தள்ளுவாரு."

போனை வைத்துவிட்டு அவள் டீ போட்டாள். ஒரு டம்ளரை அவரிடம் நீட்டினாள். அவர் படியில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தங்கக் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதையும் அதுமேல ஊத்திராதீங்க," என்றாள்.

அவர் வாங்கிக்கொண்டார். கறுப்பு ஏறிய அவளுடைய பெருவிரலை டம்ளரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.